இரண்டாவது பொத்தையின் இறக்கம்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் சங்கு குளிக்கிற தோணிகள் கடலுக்குப் போகாது. அடி கலங்கிக் கிடக்கும். இறங்கினாலும் கண் தெரியாது. அந்த மாதங்களில் சிலர் உப்பளத்துக்குக் கூலிக்குப் போவார்கள், சிலர் கரையில் சாய்ந்து கிடக்கும் தோணிகளின் நிழலில் சீட்டாடுவார்கள். என் நண்பன் கால்பந்து ஆடினான்.

நானும் அவனும் ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் பத்தாவது முடித்துவிட்டுக் கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு அவன் அப்பாவோடு சங்கு குளிக்கக் கடலில் இறங்கியவன். எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் வந்து, ஊருக்குள் லாரிகள் பெருகியிருந்த நேரம். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. எனக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் வாத்தியார். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம், வயல் உள்ள குடும்பம். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கடற்கரை மைதானத்தில் நாங்கள் பந்தடிப்பதைப் பார்க்க வந்தவர், ஒரு வாரத்துக்குள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களுக்கே தலைவராகிவிட்டார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வந்த பிறகுதான் நாங்கள் ஒரு டீம் மாதிரி ஆனோம்.

அந்த வருஷம் என் நண்பனின் ஆட்டம் கெட்டுப்போயிருந்தது. தலையால் முட்ட வேண்டிய பந்தை விட்டுவிடுவான். இடப்பக்கமிருந்து பெயர் சொல்லிக் கத்தினாலும் திரும்பமாட்டான். வாத்தியார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

மாதா திருவிழாவை ஒட்டி ஒரு போட்டி நடக்கவிருந்தது. அதற்கு முன் கால்களுக்கு வலு ஏற்ற வேண்டும் என்று வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். திருநெல்வேலிச் சாலையில், வல்லநாட்டைத் தாண்டாமல், மூன்று பொத்தைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மொட்டைக் குன்றைப் பொத்தை என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது. தெற்கே முதல் பொத்தையில் ஏறி, இறங்காமல் முதுகு வழியாகவே போய் மற்ற இரண்டையும் தாண்டி வடக்கே இறங்கினால் ஒரு பகல் சரியாக இருக்கும் என்றார்.

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருங்க.”

“காத்தடிக்கிற காலத்துல பொத்தைக்கு எதுக்கு வாத்தியாரே? நான் வரல” என்றான் அவன்.

“கடலுக்கு அடியில போயிட்டு வாரவனுக்கு, மேட்டுல ஏற பயமோ?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே, “வாரேன்” என்றான். மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் போனது நாங்கள் மூன்று பேர்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோதே காற்று புழுதியை வாரிக்கொண்டு சாலையைக் கடந்தது. வாத்தியார் அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக முன்னால் நடந்தார். அவர் தோளில் துணி உறை போட்ட மிலிட்டரித் தண்ணீர் பாட்டில். எங்களிடம் இருந்த இன்னொரு தண்ணீர்க் கேனை நான் சுமந்தேன். அவர் வீட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலம் நண்பனின் பையில் இருந்தது. உடைமுள்ளும் கள்ளியும் மண்டிய அடிவாரத்தைத் தாண்டியதும் வெறும் பாறை. ஆட்டுத் தடம் ஒன்று வளைந்து வளைந்து மேலே போனது.

முதல் பொத்தை எளிதாகத்தான் இருந்தது. கிழக்குச் சரிவு, காற்றுக்கு மறைவு. நண்பன் என்னைவிட வேகமாக ஏறினான். மூச்சே வாங்கவில்லை அவனுக்கு; மூச்சை அடக்கிப் பிழைக்கிறவன் இல்லையா. நான்தான் அங்கங்கே நின்றேன். உச்சிக்கு வந்தபோது மேற்கிலிருந்து அடித்த காற்று எங்களை ஓர் அடி பின்னால் தள்ளியது. கீழே தாமிரபரணியின் இரண்டு கரைகளிலும் கார்ப் பயிர் பச்சையாக ஒரு நாடா போல ஓடியது. அதைத் தவிர மற்ற பூமியெல்லாம் செம்மண்ணும் சாம்பலும்.

“நம்ம ஊர் எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

நான் கிழக்கே கையைக் காட்டினேன். புழுதியில் கடல் தெரியவில்லை. அவன் அந்தத் திசையைப் பார்த்தபடி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். இடது காதின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, காதுகளை மூடித் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

“ஏலே, பல்லு வலியா?” என்று கேட்டார் வாத்தியார்.

“காத்து எரைச்சலா இருக்கு.”

“பொம்பளப் பிள்ள மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு வாரான் பாரு.”

அங்கிருந்து இரண்டாவது பொத்தைக்குப் போகும் பாதை, பாதை என்று சொல்ல முடியாத ஒரு பாறை முதுகு. சில இடங்களில் கட்டில் அகலம், சில இடங்களில் அதுகூட இல்லை. இடப்பக்கமிருந்து காற்று, வலப்பக்கம் சரிவு. நாங்கள் வடக்கே போனதால் காற்று விடாமல் எங்கள் இடது கன்னத்திலேயே அறைந்தது. வாத்தியார் சற்றுக் குனிந்தபடி விறுவிறுவென்று போனார். அவருக்குப் பின்னால் நண்பன். கடைசியில் நான்.

அவன் நடையில் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் கண்டேன். ஒவ்வொரு முறை காற்று வலுக்கும்போதும் அவன் வலப்பக்கமாகச் சாய்ந்தான். காற்று தள்ளிய சாய்வு அல்ல அது. காற்று தணிந்த பிறகும் சாய்ந்துகொண்டே போய், காலைப் பரப்பி நின்று, ஒரு பாறையைப் பிடித்துக்கொள்வான். கள் குடித்தவன் நடப்பது போல இருந்தது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

இரண்டாவது உச்சியில் அவன் வாந்தி எடுத்தான். வாத்தியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“நேத்து எங்கன போயிருந்த?”

“எங்கயும் போவல.”

“குடிச்சிருக்கியா?”

“மாதா சத்தியமா இல்ல வாத்தியாரே.”

“பெறவு என்ன? வெயிலுகூட இன்னும் ஏறல.”

“நாம இப்படியே திரும்பிருவோம்” என்றேன் நான்.

“திரும்பினா அந்த முதுகு முழுக்க மறுபடி நடக்கணும். முன்னால எறங்கினா கொஞ்ச தூரத்துல தணிஞ்ச எடம். அங்க காத்து இருக்காது. உக்காந்து சோறு தின்னுட்டு யோசிப்போம்.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நண்பனும் தலையை ஆட்டினான். வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தான். முகம் வெளுத்திருந்தது, உதடுகூட வெளுத்திருந்தது.

இறக்கம் ஒரே பாறை. யானையின் நெற்றி போல வழுவழுப்பாகக் கீழே போய், சட்டென்று வலப்பக்கம் சரிந்து ஓர் ஓடைப் பள்ளத்தில் முடிந்தது. பள்ளத்தின் அடி தெரியவில்லை. இடப்பக்க ஓரமாக, பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதில் காலை ஊன்றி ஊன்றி இறங்க வேண்டும். வாத்தியார் பழக்கப்பட்டவர். குரங்கு மாதிரி இறங்கிக் கீழே ஒரு திட்டில் போய் நின்று கையை அசைத்தார்.

நண்பன் பாதி தூரம் போயிருப்பான். அப்போது ஒரு காற்று வந்தது. மேற்குச் சரிவில் மோதிப் பாறையோடு ஏறி வந்த அந்தக் காற்று, அவன் தலையிலிருந்த துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. துண்டு பள்ளத்துக்குமேல் கொஞ்ச நேரம் பறந்ததை நான் பார்த்தேன். திரும்பி அவனைப் பார்த்தபோது அவன் பாறையில் குப்புறக் கிடந்தான். இரண்டு கைகளையும் விரித்து, கன்னத்தைப் பாறையோடு ஒட்டி, பல்லி மாதிரி. ஒரு கால் வெடிப்பில். இன்னொரு கால் பிடியில்லாமல் சரிவின் பக்கம் தொங்கியது.

“என்னல ஆச்சு?” என்று வாத்தியார் கீழேயிருந்து கத்துவது வாயசைவில் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

நான் உட்கார்ந்தபடியே இறங்கினேன். பதற்றத்தில் தோளிலிருந்த தண்ணீர்க் கேன் நழுவியது. அது பாறையில் மோதி, எகிறி, மறுபடி மோதி, பள்ளத்துக்குள் போய் விழுந்தது. விழுந்த சத்தம் வர நேரமானது. அந்த நேரத்தில்தான் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது எனக்கு உறைத்தது.

அவன் பக்கத்தில் போய்க் காதருகே குனிந்து, “மாப்ள, காலை எடுத்து வெடிப்புல வையி” என்றேன்.

பதில் இல்லை. நான் குனிந்தது இடது காதருகே; அது கேட்காத காது என்று அப்போது எனக்குத் தெரியாது. தோளைத் தொட்டேன்.  தலையைத் திருப்பாமல், “தொடாத. தொட்டா விழுந்திருவேன்” என்றான். “பாற சுத்துது. அப்படியே கவிழுது.”

“கண்ணை மூடிக்க” என்று கத்தினேன்.

“மூடினா இன்னும் சுத்துது.”

வாத்தியார் மேலே ஏறி வந்தார். வரும்போது அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. “ஏலே, நடிக்காத, எந்திரி” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவன் முகத்துக்கு நேரே வந்ததும் நிறுத்திக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். அவன் கண்மணிகள் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்துப் போய்வந்தன. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மனிதனின் கண்ணில் நான் அப்படிக் கண்டதில்லை. 

வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்ன செய்யுதுல உனக்கு? உள்ளதைச் சொல்லு.”

“காது போயிட்டு வாத்தியாரே. இடது காது. போன சீசன்ல, ஆழத்துல, படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. ரத்தம் வந்துச்சு. பெறவு கேக்கவே இல்ல. காத்து உள்ள போனா இப்படித்தான் தல சுத்துது.”

“சீசன் முடியுற வரைக்கும் அதோடயா முங்கின?”

“முங்கினேன்.”

“வீட்டுல தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா தோணியில ஏத்த மாட்டாவ. நீங்களும் சொல்லிராதிய.”

பேசப் பேச அவன் பிடி தளர்வதை நான் பார்த்தேன். வலது கையின் விரல் நுனிகள் பாறையில் வழுக்கிக்கொண்டிருந்தன. வியர்வை. வாத்தியாரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் சரிவின் பக்கமாக இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த அவன் காலுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்து நின்றார். அவருக்குக் கால் ஊன்ற இருந்த இடம் ஒரு செங்கல் அகலம்கூட இல்லை.

“உன் பனியனைக் கழத்து. அவன் காதை அடை” என்றார் என்னிடம்.

பாறையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சட்டையையும் பனியனையும் கழற்றுவது என்ன பாடு என்று அன்றைக்குத் தெரிந்தது. பனியனைப் பல்லால் கிழித்தேன். ஒரு துண்டைச் சுருட்டி அவன் காதின்மேல் வைத்து, மீதியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். என் சட்டையை அவன் இடுப்பு வாரில் முடிந்து, அதன் கையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அது ஒரு ஆளைத் தாங்காது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருக்கும்.

பிறகு காத்திருந்தோம். காற்று காதுக்குள் போகாததால் சுற்றல் மெல்ல மெல்ல அடங்கும் என்று அவன் சொன்னான். எவ்வளவு நேரம் ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை. வெயில் ஏறிப் பாறை சுட்டது. வாத்தியாரின் தோள் அவன் பாதத்துக்கு அடியிலேயே இருந்தது. அவர் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அவன் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். வாத்தியார் தன் பங்குக்கு வேறொரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யாரையும் கூப்பிட்டதாக நினைவில்லை. அவன் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்பம் கொஞ்சம் தேவல” என்றான் கடைசியில்.

“கண்ணைத் தொறக்காத. நான் காலை எடுத்து வைக்கிற எடத்துல ஊனு. அது போதும்” என்றார் வாத்தியார்.

அவர் அவன் பாதத்தைக் கையால் பிடித்து வெடிப்பில் வைப்பார். அவன் கனத்தை இறக்குவான். நான் மேலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். அடுத்த பாதம். இப்படித் திட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அங்கே வந்தபிறகுதான் அவன் வழுக்கினான். சட்டை கிழிந்து என் கையோடு பாதி வந்தது. அவன் முழுக் கனமும் வாத்தியார்மேல் விழ, அவர் அவனைக் கட்டிப்பிடித்தபடியே திட்டில் முழங்கால் மோத உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. முழங்காலில் எலும்பு பாறையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அவனை விடவில்லை.

மூன்று பேரும் அந்தத் திட்டில் பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். பிறகு வாத்தியார், “மண்டையில உனக்கு அறிவு இருக்கால?” என்று மெதுவாகக் கேட்டார். அவன் இல்லை என்று தலையை ஆட்டப் போய், ஆட்டினால் சுற்றும் என்று நிறுத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

மூன்றாவது பொத்தையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கிழக்கே ஓடைப் பள்ளத்தின் தலைப்பில் முள்ளுக்கு நடுவே இறங்க ஒரு வழி இருந்தது. அது காற்று மறைவு. உட்கார்ந்தும் தவழ்ந்தும் இறங்கினோம். வாத்தியாரின் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்தது. புளிச்சோறு இருந்தது, தண்ணீர் இல்லாமல் அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. என் வெற்று முதுகு முழுக்க உடைமுள் கீறியிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நண்பன்தான் அப்போது நல்ல நிலையில் இருந்தான். காற்று இல்லாத இடத்தில் அவன் பழையபடி நடந்தான். வாத்தியாரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாங்கி வந்ததும் அவன்தான்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு முதலில் கம்பை ஓங்கினாள். சட்டையில்லாத ஒருவன், தலையில் கட்டுப் போட்ட ஒருவன், நொண்டுகிற ஒருவன். பயப்படாமல் என்ன செய்வாள்.

“தண்ணி இருக்கா தாயி?” என்று வாத்தியார் கேட்டதும் கம்பை இறக்கினாள். உடைமர நிழலில் வைத்திருந்த தூக்குவாளியில் நீராகாரம் இருந்தது. அவள் மத்தியானத்துக்கு வைத்திருந்தது. மூன்று பேருக்கும் கையில் ஊற்றினாள்.

“இந்தக் காத்துல மேல என்ன சோலி உங்களுக்கு?”

“சும்மா ஏறிப் பாக்கலாம்னு வந்தோம்.”

“சும்மாவா” என்றாள்.  எங்கள் புளிச்சோற்றை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் நண்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வாத்தியார் அவனை எழுப்பி, காற்று அவன் காதில் படாமல் இருக்கத் தான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அவனைத் தன் வலப்பக்கம் உட்காரவைத்தார். ஊரில் இறங்கும்போது, “ஒரு டாக்டர்ட்ட காட்டு. இல்லேன்னா நானே உங்க வீட்டுல வந்து சொல்லிருவேன்” என்றார். அவன் கோபமாகப் பார்த்தான். வாத்தியாரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய் விட்டோம். முழங்கால் சிப்பியில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். போட்டியில் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம்.

அடுத்த வாரம் அவன் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

“காது டாக்டர்ட்ட போறேன். நீயும் வா. அவரு சொல்லுறது எனக்குச் சரியா கேக்குமோ என்னவோ.”

வாத்தியாரும் கக்கத்தில் கட்டையோடு வந்தார். டாக்டர் அவன் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வு கிழிந்து ஆறாமல் கிடக்கிறது, உள்ளேயும் அடிபட்டிருக்கிறது, இனிமேல் ஆழத்துக்குப் போனால் அங்கேயே தலைசுற்றி மேலே எது கீழே எது என்று தெரியாமல் போய்விடும் என்றார். அவன் ஒன்றுமே கேட்காதவன் போல உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும், “போன சீசன்லயே ரெண்டு தடவ அப்படி ஆச்சு” என்றான். “முட்டை வாயிலருந்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து, அது பின்னாலயே மேல வந்தேன்.” மூச்சுக் குமிழியை அவர்கள் முட்டை என்பார்கள். வாத்தியார் நடப்பதை நிறுத்திவிட்டார். நானும் நின்றேன். அவன் மட்டும் நடந்துகொண்டிருந்தான்.

அன்று மாலை அவன் தன் வீட்டில் சொன்னான். எங்களையும் உட்காரவைத்துக்கொண்டுதான் சொன்னான். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“இந்த அண்ணன்மாருக்குத் தெரிஞ்சு எத்தன நாளாச்சு?” என்று கேட்டாள்.

“போன வாரத்துலருந்து” என்றான் அவன்.

“ஒரு வாரமா தெருவுக்கும் தெரியும், மலைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். அன்று எங்களுக்குக் காப்பிகூட வரவில்லை. பிறகு பல நாள் அவள் என்னோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனோடு பேசவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

ஐப்பசி கழிந்து கடல் தெளிந்து, தோணிகள் மறுபடி போகத் தொடங்கின. அவன் போவானோ என்று எனக்குப் பயம் இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் விடியற்காலையில் கரைக்குப் போய் நின்றேன். அவன் தோணியில்தான் இருந்தான். ஆனால் முங்குகிறவர்கள் போடுகிற கண்ணாடியைக் கட்டிக்கொள்ளவில்லை. வயதானவர்கள் பார்க்கிற வேலையை எடுத்திருந்தான். முங்கப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் தலை தூக்கி மேலே வருகிறார்களா என்று தோணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; வந்தவனைக் கைகொடுத்து ஏற்ற வேண்டும். அவன் தம்பி அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சங்கு குளிக்கப் போனான்.

“கையில கெடைக்குறது பாதிகூட இல்ல” என்றான். “ஆனா அது பரவால்ல மாப்ள. அவனுவ உள்ள போயிட்டானுவன்னா, வெளிய வார வரைக்கும் எனக்குத்தான் மூச்சு முட்டுது. முங்கையில இது தெரியல.”

தோணி தள்ளும் நேரம் அவன் மனைவி தூக்குச்சட்டியோடு மணலில் வந்துகொண்டிருந்தாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவள் கூப்பிடவில்லை. தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, சுற்றிக்கொண்டு அவன் வலப்பக்கம் போய், சட்டியை நீட்டினாள்.